அரசறிவியலா, ஊடகமா, எந்தக் கம்பஸ்? திருகோணமலைப் பிள்ளைகளுக்கு ஒரு முழு வழிகாட்டி

உயர்தரப் பெறுபேறு வந்த கிழமை, அக்காவின் மகள் ஒரு கொப்பித் தாளோடு எங்கள் உப்புவெளி வீட்டுக்கு வந்தாள். தாளில் பதினொரு பல்கலைக்கழகங்களின் பெயர்கள் வரிசையாக இருந்தன. முதலாவது ஒக்ஸ்போர்ட். அதற்கு எதிரே "ஊடகவியல்" என்று எழுதி இரண்டு தரம் அடிக்கோடு போட்டிருந்தாள். "மாமா, இதில எது பெரிய கம்பஸ்?" என்றாள்.

ஒக்ஸ்போர்டில் ஊடகவியலுக்குப் பட்டமே கிடையாது என்று நான் சொன்னதை முதலில் அவள் நம்பவில்லை. கைத்தொலைபேசியில் தேடிப் பார்த்துவிட்டு, "ரொய்ட்டர்ஸ் இன்ஸ்டிட்யூட் எண்டு ஒண்டு இருக்கே" என்றாள். இருக்கிறது, 2006இல் தொடங்கியது. ஆனால் ஏற்கெனவே செய்தியறைகளில் வேலை செய்கிறவர்கள் சில மாதம் வந்து தங்கி ஆராய்ச்சி செய்துவிட்டுப் போகிற இடம் அது. பதினெட்டு, பத்தொன்பது வயதில் போய்ச் சேருகிற வகுப்பு அங்கே இல்லை.

அன்று பின்னேரம் தொடங்கிய பேச்சு மூன்று கிழமை ஓடியது. இடையில் அக்காவும் சேர்ந்துகொண்டாள், அத்தானும் சேர்ந்துகொண்டார், ஒரு நாள் குரல்களும் உயர்ந்தன. அந்தப் பேச்சைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். நான் அரசறிவியல் படித்துவிட்டுச் சில வருடம் நிருபராக அலைந்தவன். என் கட்சியை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: நம் ஊர்ப் பிள்ளைக்கு முதல் பட்டம் நாட்டுக்குள், பெரிய பெயர் இரண்டாவது பட்டத்துக்கு, அதுவும் புலமைப்பரிசில் காசில். இதற்கு ஒரு விதிவிலக்கும் உண்டு, பின்னால் வரும்.

படி 1: எது உங்களுக்கு என்று சுருக்குவலையைக் கேளுங்கள்

அரசறிவியலும் ஊடகவியலும் பக்கத்து வீடுகள் மாதிரித் தெரியும். உள்ளே போனால் சமையல் வேறு.

மீன் கூட்டத்தையே வளைத்து அள்ளுகிற பெரிய வலைதான் சுருக்குவலை. அந்தப் பிரச்சினை நம் கடற்கரையில் எல்லோருக்கும் தெரிந்தது. அதை இரண்டு விதமாகப் பாருங்கள். காலை ஐந்து மணிக்குக் கரைக்குப் போய், எந்த வள்ளம் எவ்வளவு மீனோடு வந்தது, சிறுவலைக்காரர் ஒருவர் நேற்று எவ்வளவு உழைத்தார், அவர் வீட்டில் கடன் எவ்வளவு, தடை என்று அதிகாரி சொன்னதற்குச் சம்மாட்டி, அதாவது வள்ள முதலாளி, என்ன பதில் சொன்னார் என்று கேட்டு, பத்து மணிக்குள் நானூறு சொல்லில் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். இது நிருபர் வேலை. இன்னொருவருக்கு அந்தக் காலைப் பொழுதில் பெரிய அக்கறை இருக்காது. சட்டத்தில் கட்டுப்பாடு இருந்தும் அது ஏன் கரையில் நடைமுறையாகவில்லை, எந்தச் சங்கத்துக்கு எந்த அரசியல்வாதியோடு தொடர்பு, வேறு நாடுகளில் இதை எப்படித் தீர்த்தார்கள் என்று ஆறு மாதம் இருந்து யோசிப்பார். இது அரசறிவியல்.

மருமகளை இரண்டையும் செய்யச் சொன்னேன். கரைக்குப் போய் வந்தவள் மீன் நாற்றத்தோடு வாசலில் நின்றே கதை சொல்லத் தொடங்கினாள். நானூறு சொல் எழுத மட்டும் நான்கு நாள் எடுத்தாள். ஏனென்றால் ஒவ்வொரு வரிக்கும் "இது ஏன் இப்படி" என்று தோண்டிக்கொண்டே போனாள். அங்கேயே எனக்குப் பாதி விடை தெரிந்துவிட்டது. அவளுக்குத் தெரிய இன்னும் இரண்டு கிழமை ஆனது.

இங்கே அக்காவின் பயத்தையும் சொல்ல வேண்டும். "ஊடகம் எண்டா விடமாட்டன்" என்பது அவள் நிலைப்பாடு. இந்த ஊரில் அதைச் சும்மா தாயின் பயம் என்று தள்ள முடியாது. 2006 ஜனவரி 2ஆம் திகதி நம் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். குண்டு வெடித்து இறந்தார்கள் என்று சொல்லப்பட்டது. சுடர் ஒளி பத்திரிகையில் வெளியான படங்களில் துப்பாக்கிச் சூட்டுக் காயங்கள் தெரிந்தன. அந்தப் படங்களை எடுத்த சுப்பிரமணியம் சுகிர்தராஜன் துறைமுகத்தில் வேலை பார்த்துக்கொண்டே பகுதிநேரமாகச் செய்தி அனுப்பியவர். அதே மாதம் 24ஆம் திகதி காலை வேலைக்குப் போவதற்காக பஸ்ஸுக்கு நின்றபோது சுட்டுக் கொல்லப்பட்டார். அக்காவுக்கு இந்தத் தொழில் என்றால் நினைவுக்கு வருவது அந்த மாதம்தான். பிள்ளைகள் இதைப் பேசாமல் பல்கலைக்கழக அனுமதிக் கையேட்டைத் திறக்கக் கூடாது. பேசிய பிறகு முடிவு என்னவாக இருந்தாலும் அது வீட்டாரும் சேர்ந்து எடுத்ததாக இருக்கும்.

படி 2: தரவரிசை எதை அளக்கிறது என்று பாருங்கள்

கியூ.எஸ்., டைம்ஸ் ஹையர் எஜுகேஷன் போன்ற தரவரிசைகளில் பெரும்பங்கு புள்ளிகள் ஆராய்ச்சிக்கும், பேராசிரியர்களிடம் கேட்கிற "எந்தக் கம்பஸுக்கு நல்ல பெயர்" என்ற கணிப்புக்கும் போகின்றன. முதலாம் வருட மாணவிக்கு யார் படிப்பிக்கிறார், கமரா கையில் கிடைக்குமா என்பதெல்லாம் அதில் வராது.

ஒரு உதாரணம் போதும். தொடர்பாடலும் ஊடகமும் என்ற பாடத்துக்கு கியூ.எஸ். பட்டியலில் பல வருடமாக முதலிடத்தில் நிற்பது அம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகம். அங்கே முதன்மையாகப் படிப்பது தொடர்பாடலை ஒரு சமூக விஞ்ஞானமாக: விளம்பரம் மனதை எப்படி மாற்றுகிறது, தேர்தல் பிரசாரம் யாரைத் தொடுகிறது, அதைப் புள்ளிவிபரத்தில் எப்படிக் காட்டுவது. அருமையான படிப்பு. ஆனால் நிருபராக வேண்டும் என்று போகிற பிள்ளை முதல் வருடமே புள்ளிவிபரவியலில் முட்டிக்கொண்டு நிற்கும்.

அதனால் தரவரிசையை வடிகட்டியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பெயர் இருக்கிறதா, சரி. அதற்குப் பிறகு அந்தத் துறையின் பக்கத்துக்குப் போய், மூன்று வருடமும் என்னென்ன பாடம் என்ற பட்டியலை எடுத்துத் தாளில் அச்சடியுங்கள். தொலைபேசியில் பார்த்தால் கண்ணுக்குள் நிற்காது.

படி 3: நாட்டுக்குள் என்ன இருக்கிறது

பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அனுமதிக் கையேட்டில் "அரசறிவியல்" என்று தேடி ஏமாந்து போகிற பிள்ளைகள் நிறைய. பெரும்பாலும் அது "கலை" என்ற கற்கைநெறிக்குள் ஒளிந்திருக்கும். கலைப் பீடத்துக்குள் போய், முதல் வருடத்தில் பாடங்களை எடுத்து, அதில் வருகிற புள்ளியை வைத்துத்தான் அரசறிவியலில் சிறப்புப் பட்டம் செய்ய இடம் கிடைக்கும். ஆகவே கம்பஸ் கிடைத்த சந்தோசத்தில் முதல் வருடத்தைக் கோட்டை விட்டால் சிறப்புக் கற்கை கையை விட்டுப் போகும். இதை எனக்கு அப்போது யாரும் சொல்லவில்லை. முதல் அரையாண்டை நாடகம், கிரிக்கெட் என்று போக்கிவிட்டு, இரண்டாவதில் மூச்சு வாங்கி ஓடிப் பிடித்தேன்.

சிறப்புப் பட்டத்துக்கு நான் இவ்வளவு அழுத்தம் கொடுப்பதற்குக் காரணம் இருக்கிறது. அது 4 வருடம். பொதுப் பட்டம் 3 வருடம். பிறகு வெளிநாட்டில், முக்கியமாக அமெரிக்காவில், முதுமாணிக்கு விண்ணப்பிக்கும்போது பல இடங்களில் 4 வருடப் பட்டத்தையே எதிர்பார்ப்பார்கள்.

இப்போது இடங்களுக்கு வருவோம். பேராதனையில் அரசறிவியலுக்கு நீண்ட மரபு உண்டு. ஏ. ஜெயரத்தினம் வில்சன் அங்கே துறையைக் கட்டியெழுப்பிய பேராசிரியர். 1970களில் கனடாவுக்குப் போகும் வரை அங்கேதான் இருந்தார். தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்று மொழிமூலமும் அந்தக் கலைப் பீடத்தில் உண்டு. எந்தப் பாடம் எந்த மொழியில் என்பதைத் துறைக்கு அழைத்துக் கேளுங்கள். கொழும்பில் அரசறிவியலுக்கும் சர்வதேச உறவுகளுக்கும் தனித்தனித் துறைகள். தூதரகம், அமைச்சு, சர்வதேச நிறுவனங்கள், பத்திரிகைத் தலைமையகங்கள் எல்லாம் அங்கே பஸ் எடுத்தால் போய்விடலாம், அது பெரிய வசதி. வாடகை அதற்கு ஏற்ற வசதியீனம். யாழ்ப்பாணத்தில் கலைப் பீடத்துக்குள் அரசறிவியலும் உண்டு, ஊடகக் கற்கைகளும் உண்டு. தமிழ் ஊடகத்துக்குள் போக விரும்பும் பிள்ளைக்கு யாழ்ப்பாணம் இயல்பான தெரிவு. அந்த ஊரிலேயே நாளிதழ்கள் அச்சாகின்றன, படிக்கும்போதே உள்ளே போய்விடலாம். ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் தமிழ்மூலம் அரசறிவியல் படிக்கலாம். களனியில் வெகுசனத் தொடர்பாடல் துறை பழையது, பெயர்பெற்றது, ஆனால் அதன் உயிர் சிங்களத்தில்.

பிறகு, நம் வாசலில் இருக்கிற ஒன்றை மறந்துவிடுகிறோம். நிலாவெளி வீதியில் கோணேசபுரியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம். அதிலே தொடர்பாடல், வணிகக் கற்கைகள் பீடம் இருக்கிறது. தொடர்பாடல் கற்கைகள் கையேட்டில் தனியாகவே வரும். நாட்டின் மற்றப் பக்கங்களில் இருந்து பிள்ளைகள் பெட்டியோடு வந்து இறங்குகிற இடம் அது. நம் பிள்ளைகளோ "வீட்டுக்குப் பக்கத்தில இருக்கிறது ஒரு கம்பஸா" என்கிறார்கள். மருமகளும் அதைத்தான் சொன்னாள். வீட்டை விட்டு ஓட வேண்டும் என்பதும் பத்தொன்பது வயதில் ஒரு நியாயமான காரணம்தான். அதைக் கல்விக் காரணம் என்று மட்டும் பெயர் மாற்றிச் சொல்லாதீர்கள்.

கம்பஸ் அனுமதிக்குப் பார்க்கிற உயர்தர இசட் புள்ளி பற்றி ஒரு விஷயம். மாவட்ட ஒதுக்கீடு உள்ள கற்கைநெறிகளுக்கு 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்ட ஒதுக்கீடு, மீதி 5 வீதம் கல்வி வசதி குறைந்த 16 மாவட்டங்களுக்கு. அந்த 16இல் திருகோணமலையும் ஒன்று. உங்கள் கற்கைநெறி இந்த முறைக்குள் வருகிறதா என்று அந்த வருடக் கையேட்டிலேயே பாருங்கள், போன வருடம் படித்த அண்ணாவிடம் கேட்டு எழுதாதீர்கள். தெரிவு வரிசையை எழுதும்போது, உண்மையாகவே எது முதலில் வேண்டுமோ அதை முதலில் எழுதுங்கள். "அது கிடைக்காது, இதை மேலே போடுவம்" என்று சூதாடிவிட்டுப் பிறகு அழுதவர்களை நான் கண்டிருக்கிறேன்.

மூன்று மொழிகளைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடலாம். தமிழில் சிந்தித்து, சிங்களத்தில் கேள்வி கேட்டு, ஆங்கிலத்தில் எழுதக்கூடிய நிருபர் இந்த நாட்டில் அரிது. நம் ஊரில் சந்தைக்குப் போனாலே மூன்றும் காதில் விழும். வெளிநாட்டுச் சான்றிதழ் ஒன்றுக்குச் செலவழிக்கும் காசில் நூறில் ஒரு பங்கை நல்ல சிங்கள வகுப்புக்குச் செலவழித்தால் வருகிற பலன் அதிகம் என்பது என் அபிப்பிராயம். மருமகளுக்கு இது பிடிக்கவில்லை. பிடிக்காவிட்டாலும் இப்போது சனிக்கிழமை போகிறாள்.

படி 4: கடல் தாண்டினால் எது, எதற்கு

இந்தியாவில் அரசறிவியலுக்கு தில்லிப் பல்கலைக்கழகக் கல்லூரிகளும், சர்வதேச உறவுகளுக்கு 1969இல் தொடங்கிய ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகமும் பெரிய பெயர்கள். ஊடகத்துக்கு சென்னையில் ஏசியன் கொலிஜ் ஒப் ஜேர்னலிசம், பட்டத்துக்குப் பிறகு ஏறத்தாழ ஒரு வருடப் பயிற்சி, ஆங்கிலத்தில். தமிழ் ஊர் என்பதால் பாடமும் தமிழில் நடக்கும் என்று நினைத்துப் போகாதீர்கள்.

பிரித்தானியாவில் அரசியலுக்கு ஒக்ஸ்போர்டின் தத்துவம், அரசியல், பொருளியல் மூன்றும் சேர்ந்த பட்டம் உலகப் பிரசித்தம். பெனாசிர் பூட்டோவும் இம்ரான் கானும் அதைப் படித்தவர்கள். ஆனால் ஒக்ஸ்போர்ட் என்றதும் நாம் பெருமையோடு சொல்கிற முன்னாள் வெளிவிவகார அமைச்சர் லக்ஷ்மன் கதிர்காமர் 1959இல் ஒக்ஸ்போர்ட் யூனியன் என்ற விவாதச் சங்கத்தின் தலைவராக இருந்தபோது அங்கே படித்தது சட்டம். அதற்கு முந்திய வருடம் அதே கதிரையில் இருந்த, பிறகு அமைச்சரான லலித் அத்துலத்முதலியும் சட்டம்தான். 1977இல் முதன்முதலாக நம் மாவட்டத்துக்காகப் பாராளுமன்றம் போன இரா. சம்பந்தன் கொழும்புச் சட்டக் கல்லூரியில் படித்தவர். அரசியல்வாதியாக வேண்டும் என்பதற்காக அரசறிவியலைத் தேர்ந்தெடுக்கும் பிள்ளைகள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம். அரசியலைப் படிப்பது ஒன்று, அரசியல் செய்வது ஒன்று. இந்த நாட்டில் இரண்டாவதற்கு வழக்கமான வாசல் சட்டம்.

லண்டன் பொருளியல் கல்லூரி 1895இல் தொடங்கியது. இடதுசாரித் தலைவர் என்.எம். பெரேரா அங்கே அரசறிவியல் பேராசிரியர் ஹரல்ட் லஸ்கியிடம் படித்தவர். அரசியல், சர்வதேச உறவுகள் என்றால் அதற்கு மேல் ஒரு பெயர் தேட வேண்டியதில்லை. அங்கே ஊடகத் துறையும் இருக்கிறது, ஆனால் அது ஊடகத்தைப் பற்றிய ஆய்வு; செய்தி எழுதப் பழக்குகிற இடமில்லை. பழக்குகிற இடங்கள் வேறு: லண்டனில் சிற்றி, வேல்ஸில் கார்டிஃப், பிறகு ஷெஃபீல்ட். கார்டிஃபில் 1970இலும் சிற்றியில் 1976இலும் தொடங்கினார்கள். நம் பெற்றோருக்கு இந்தப் பெயர்கள் மணி அடிப்பதில்லை. பி.பி.சி.யிலும் பெரிய பத்திரிகைகளிலும் இருப்பவர்களுக்கு அடிக்கும்.

அமெரிக்காவில் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஊடகவியல் பள்ளி, ஜோசப் புலிற்சரின் கொடையில் 1912இல் திறந்தது. புலிற்சர் பரிசை நிர்வகிப்பதும் அந்தப் பல்கலைக்கழகம்தான். அதைவிடப் பழையது 1908இல் தொடங்கிய மிசூரி பல்கலைக்கழகத்தின் பள்ளி. வேடிக்கை என்னவென்றால் மிசூரி பல்கலைக்கழகம் இருக்கும் ஊரின் பெயரும் கொலம்பியா. விண்ணப்பத்தில் குழம்பிவிடாதீர்கள். மிசூரியில் மாணவர்கள் ஊர் மக்கள் வாசிக்கிற உண்மையான பத்திரிகையில் எழுதி, உண்மையான தொலைக்காட்சி நிலையத்தில் வேலை செய்து படிக்கிறார்கள். எனக்கு இருபது வயதாகி, யாரோ காசு தருவதாக இருந்தால் நான் போயிருப்பது அங்கேதான்.

ஐரோப்பாவில் எரஸ்மஸ் முண்டுஸ் என்ற திட்டத்தில் ஊடகவியல் முதுமாணி ஒன்று இருக்கிறது: முதல் வருடம் டென்மார்க்கின் ஆர்ஹுஸ், இரண்டாம் வருடம் இன்னொரு நாடு. புலமைப்பரிசிலும் உண்டு.

படி 5: காசு

கொலம்பியாவின் பத்து மாத முதுமாணிக்கு, இருக்கச் சாப்பிட எல்லாம் சேர்த்து 1 லட்சம் டொலரைத் தாண்டும். டொலர் 300 ரூபா என்று வைத்தாலே 3 கோடி. அத்தான் அதைக் கல்குலேட்டரில் அடித்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் எழும்பிப் போய்த் தண்ணி குடித்தார்.

பிரித்தானிய முதுமாணிகள் வெளிநாட்டவருக்கு 20,000 பவுணுக்கு மேல் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் மாணவர் விசாவோடு வருடத்துக்கு 776 பவுண் சுகாதாரக் கட்டணம். வங்கியில் காட்டும் பணம் தொடர்ந்து 28 நாள் அசையாமல் இருக்க வேண்டும். 27ஆம் நாள் மச்சானுக்குக் கைமாற்றாக எடுத்துக் கொடுத்தால் விசா போச்சு. நிருபர் சம்பளத்தில் அந்தக் கடனை அடைப்பது எப்படி என்று யாரும் கணக்குப் போடுவதில்லை. காணியை விற்றுப் படிக்கிற படிப்பு இது இல்லை. மருத்துவத்துக்கு விற்றால் ஒருவேளை திரும்பி வரும், இதில் வராது.

ஆகவே புலமைப்பரிசில்கள். இந்திய அரசு கொழும்பில் உள்ள தன் உயர்ஸ்தானிகராலயம் மூலம் கொடுப்பவற்றில் நேரு நினைவுப் புலமைப்பரிசில் முதல் பட்டத்துக்கு, மௌலானா ஆசாத் முதுமாணிக்கு. கட்டணமும் மாதக் கொடுப்பனவும் வரும். நம் ஊரில் இதற்கு விண்ணப்பிக்கத் தகுதி இருந்தும் பெயரே கேள்விப்படாத பிள்ளைகள் இருக்கிறார்கள்.

பிரித்தானியாவின் செவ்னிங் ஒரு வருட முதுமாணிக்கு முழுச் செலவும் கொடுக்கும். நிபந்தனை, 2 வருட வேலை அனுபவம், கணக்கில் 2,800 மணித்தியாலம். பகுதிநேர வேலை, தொண்டு வேலை எல்லாம் அதில் சேர்க்கலாம். மூன்று கற்கைநெறிகளைத் தெரிவு செய்து கொடுக்க வேண்டும், படித்து முடித்து 2 வருடமாவது நாட்டில் இருக்க வேண்டும். அமெரிக்காவின் புல்பிரைட் ஆணைக்குழு கொழும்பில் 1952இல் இருந்து இயங்குகிறது, அதுவும் முதுமாணிக்கே. இப்போது நான் முன்பு சொன்ன கட்சி விளங்கும்: பெரிய கதவுகளில் பெரும்பாலானவை முதல் பட்டத்துக்குப் பிறகுதான் திறக்கின்றன. நாட்டுக்குள் இலவசமாகப் படி, மகாபொல உதவித்தொகை கிடைத்தால் எடு, இரண்டு வருடம் வேலை செய், பிறகு பெரிய பெயருக்குப் போ.

விதிவிலக்கு இதுதான். ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், அம்ஹெர்ஸ்ட் போன்ற சில அமெரிக்க இடங்கள் வெளிநாட்டு மாணவரின் குடும்ப வருமானத்தைப் பார்க்காமலே அனுமதி கொடுத்து, பிறகு தேவையான பணம் முழுவதையும் தாங்களே தருகின்றன. கிடைப்பது குதிரைக்கொம்பு. ஆனால் பாடசாலையில் உண்மையாகவே கெட்டிக்காரி, ஆங்கிலமும் சரளம் என்றால் 12ஆம் வகுப்பிலேயே இதைத் தொடங்க வேண்டும், பெறுபேறு வந்த பிறகு அல்ல.

முகவர்களைப் பற்றியும் இங்கே சொல்கிறேன். ஹோட்டலில் மண்டபம் எடுத்து, பலூன் கட்டி, "ஸ்பொட் அட்மிஷன்" என்று பதாகை போடுகிறவர்கள். அப்படி ஒரு முகவர் எனக்குத் தெரிந்த குடும்பம் ஒன்றிடம் பெடியன் அரசியல் கேட்டபோது வணிக முகாமைத்துவத்துக்குச் சேர்த்துவிட்டார். ஏன் என்று கேட்டதற்கு "எல்லாம் ஒண்டுதான் அங்கிள், போன பிறகு மாத்தலாம்" என்றார். மாற்ற முடியவில்லை. பல வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் சேர்த்துவிடும் தலைக்கு இவ்வளவு என்று முகவருக்குத் தரகு கொடுக்கின்றன. எந்தக் கம்பஸ் கூடத் தருகிறதோ அதுவே உங்களுக்கு "மிகப் பொருத்தமான" கம்பஸாக வந்து நிற்கும். ஒக்ஸ்போர்டுக்கு முகவரே தேவையில்லை. அதற்கு ஆள் பிடித்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் எழும்பி வந்துவிடுங்கள்.

படி 6: விண்ணப்பத்தில் என்ன எழுதுவது

பிரித்தானியாவுக்கு முதல் பட்டம் என்றால் யூகாஸ் என்ற பொது விண்ணப்பம், ஐந்து தெரிவு. ஒக்ஸ்போர்டும் கேம்பிரிட்ஜும் ஒரே வருடத்தில் சேர்த்துப் போட முடியாது, ஒன்றுதான். அவற்றுக்கு இறுதி நாள் ஒக்டோபர் 15, மற்றவற்றுக்கு ஜனவரி. உள்ளூர் உயர்தரத்தைச் சில இடங்கள் நேரடியாக ஏற்கும், சில இடங்கள் ஒரு வருட அடித்தளப் படிப்புக் கேட்கும். ஒவ்வொரு கம்பஸின் பக்கத்திலும் இலங்கை என்று தனியாகப் போட்டிருப்பதைத் தேடிப் படியுங்கள். ஆங்கிலப் பரீட்சையில் ஊடகப் படிப்புகள் மற்றவற்றைவிடக் கூடுதலாகக் கேட்கும், ஐ.ஈ.எல்.டி.எஸ். 7, 7.5 என்று இலக்கு வையுங்கள்.

உங்களைப் பற்றி எழுதுகிற பகுதி இப்போது மூன்று கேள்விகளாக வருகிறது, மொத்தம் 4,000 எழுத்து. மருமகள் பயிற்சிக்காக எழுதியதன் முதல் வரி, "சிறு வயதிலிருந்தே எனக்கு அரசியலில் ஆர்வம் உண்டு." நான் சிவப்புப் பேனையால் வெட்டினேன். உலகத்தில் எல்லாப் பிள்ளையும் சிறு வயதிலிருந்தே அப்படித்தான் ஆரம்பிக்கிறது.

"ஜன்னலுக்கு வெளியில என்ன இருக்கு?" என்று கேட்டேன். "பக்கத்து வீட்டு மதில்" என்றாள். அதையும் தாண்டிப் போ, சீனக்குடா வரைக்கும் போ என்றேன். அங்கே 99 எண்ணெய்க் குதங்கள் இருக்கின்றன, பிரித்தானியர் கட்டியவை. 1987 இந்திய இலங்கை ஒப்பந்தத்தோடு பரிமாறிய கடிதங்களில் அந்தக் குதங்களும் பேசப்படுகின்றன, நம் துறைமுகத்தை இந்தியாவின் நலனுக்குப் பாதகமாக எந்த நாட்டின் இராணுவப் பாவனைக்கும் கொடுப்பதில்லை என்பதும் இருக்கிறது. 2022 ஜனவரியில் அந்தக் குதங்களைப் பங்கு பிரித்தார்கள்: 14 இந்தியன் ஒயிலின் இலங்கைக் கம்பனியான லங்கா ஐ.ஓ.சி.க்கு, 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 61 இரண்டும் சேர்ந்த கம்பனிக்கு. இதை லண்டனில் இருக்கிற பிள்ளை புத்தகத்தில் படிக்கும். நீ ரயிலில் போகும்போது பார்க்கிறாய்.

இரண்டாவது வரைவில் அவள் எழுதியது: பெற்றோல் வரிசை நீண்டிருந்த 2022இல், அப்பாவின் மோட்டார் சைக்கிளோடு வரிசையில் நின்றுகொண்டே, சில மைல் தள்ளி இத்தனை குதங்கள் இருந்தும் நாம் ஏன் நிற்கிறோம் என்று யோசித்தாள் என்பது. அதில் இருந்து கேள்விகளைக் கிளப்பினாள்: குதம் இருப்பதும் டொலர் இருப்பதும் எப்படி வேறு, ஒரு சின்ன நாடு இரண்டு பெரிய நாடுகளுக்கு நடுவில் எதை வைத்துப் பேரம் பேசுகிறது. இதுதான் தேர்வாளரை நிறுத்தி வாசிக்க வைக்கும்.

ஊடகத்துக்கு விண்ணப்பித்தால் கையில் வேலை காட்ட வேண்டும். "எனக்கு யார் இடம் தருவார்கள்" என்று கேட்காதீர்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கம், உங்களிடம் இருக்கிறது. உங்கள் வீதி வடிகானுக்கு ஒதுக்கிய காசு எவ்வளவு, ஒப்பந்தம் யாருக்கு, வேலை எப்போது முடிந்தது என்று ஒரு தாளில் எழுதி உரிய அலுவலகத்தின் தகவல் அதிகாரியிடம் கொடுங்கள். 14 வேலை நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். பதில் வந்தால் அது ஒரு செய்தி. வராவிட்டால் அது அதைவிட நல்ல செய்தி. வடிகானைப் படம் எடுத்து, பக்கத்து வீட்டு ஆச்சியிடம் இரண்டு வரி கேட்டு எழுதுங்கள். இப்படி மூன்று செய்தால் உங்கள் கையில் இருப்பது பல சான்றிதழ்களைவிடப் பெறுமதி.

படி 7: இரண்டு இடம் கிடைத்தால்

பாடப் பட்டியல்களை மேசையில் பக்கம் பக்கமாக வைத்து, நீங்கள் உண்மையாகவே படிக்க விரும்புகிற பாடங்களுக்குப் பேனையால் வட்டம் போடுங்கள். வட்டம் எதில் கூட இருக்கிறதோ அது முன்னுக்கு. பிறகு அங்கே இப்போது படிக்கிற நம் ஊர்ப் பிள்ளை யாரையாவது பிடியுங்கள். "கம்பஸ் எப்படி" என்று கேட்டால் "நல்லம்" என்றுதான் சொல்வார்கள். "போன கிழமை எத்தனை விரிவுரை நடந்தது, எத்தனை நடக்கவில்லை? கடைசியாக எழுதிய கட்டுரைக்கு விரிவுரையாளர் திருத்தம் எழுதித் தந்தாரா? தமிழ்மூலம் படிக்கிறவருக்குப் புத்தகம் எந்த மொழியில்?" என்று கேளுங்கள். பெண்பிள்ளைக்கு விடுதி எத்தனை வருடத்துக்கு உறுதி, பகிடிவதை எப்படி என்பதை அக்கா கேட்டாள், நான் கேட்க மறந்திருந்தேன்.

ஊடகம்தான் என்று முடிவான பிள்ளைக்கும் என் ஆலோசனை, முதல் பட்டத்தை அரசறிவியல், பொருளியல், சட்டம் என்று கனமான ஒன்றில் செய்யுங்கள் என்பதே. செய்தி எழுதும் முறையை ஒரு வருடத்தில் பழகலாம். வரவு செலவுத் திட்டத்தை வாசிக்கப் பழக அது போதாது. கொழும்பில் இலங்கை இதழியல் கல்லூரி தமிழிலும் டிப்ளோமா நடத்துகிறது, பட்டத்தோடோ பிறகோ அதைச் செய்யலாம். இதை ஒத்துக்கொள்ளாத ஊடக நண்பர்கள் எனக்கு உண்டு. முதல் நாளில் இருந்தே கமராவோடு வளர்ந்தவன் வேறு மாதிரி என்பார்கள். காணொளிச் செய்திக்கு அவர்கள் சொல்வது சரியாகவும் இருக்கலாம்.

மருமகள் கையேட்டில் பேராதனையை முதலாவதாகவும் யாழ்ப்பாணத்தை இரண்டாவதாகவும் போட்டாள். பேராதனை கிடைத்தது. முதல் வருடப் பாடங்களில் அரசறிவியல் இருக்கிறது, ஊடக ஆசை அப்படியே இருக்கிறது. வடிகான் விண்ணப்பத்துக்குப் பதில் 14 நாளில் வரவில்லை, மேன்முறையீடு போட்டிருக்கிறாள். அக்காவுக்கு இது இன்னும் தெரியாது.

கடைசியாகப் பெயர் விஷயம்

இதை இறுதியில் எழுதினாலும் முதலில் செய்ய வேண்டியது. பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, உயர்தரச் சான்றிதழ், கடவுச்சீட்டு நான்கையும் மேசையில் வைத்து ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள். நம்மில் பலருக்கு ஒன்றில் தகப்பன் பெயர் முன்னுக்கு, இன்னொன்றில் முதலெழுத்து மட்டும், மூன்றாவதில் ஒரு எழுத்து கூட. எங்கள் வீட்டுப் பிள்ளைக்கு அடையாள அட்டையில் ஒரு எச் இருக்கிறது, பிறப்புச் சான்றிதழ் மொழிபெயர்ப்பில் இல்லை. நான்கு வருடம் கழித்துப் புலமைப்பரிசில் நேர்முகத் தேர்வுக்கு முதல் கிழமை இதைக் கண்டுபிடித்தால் பிரதேச செயலகத்துக்கும் கொழும்புக்கும் ஓடவே நேரம் போய்விடும். இப்போது பிள்ளைக்கு விடுமுறை, அத்தானுக்கும் திங்கட்கிழமை லீவு. இருவரும் காலை எட்டரைக்கே போய் வரிசையில் நிற்பதாக ஏற்பாடு.